மையும் வாட்டர்கலரும் கொண்டு மரம் வரைவது

போர்டு எழுதுகிறவன் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் எழுத்துக்கு ஓரம் கட்டும், பிறகு உள்ளே நிரப்பும். ஓரத்தை விட்டு ஒரு நூல் வெளியே போகாமல் நிரப்பத் தெரிந்தவனுக்குத்தான் கடைக்காரர் அடுத்த வேலையும் கொடுப்பார். ரங்கூனில் நாற்பது வருடம் தகரத்திலும் பலகையிலும் நான் செய்தது அதுதான். தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கிறேன். பர்மிய எழுத்து பெரும்பாலும் வட்டம். அதற்கு ஓரம் கட்டுவது தனி வித்தை, அது இங்கே வேண்டாம்.

அதே கையோடு மரம் வரையப் போனேன். பேனாவால் மரத்தைச் சுற்றி ஓரம் கட்டினேன், உள்ளே பச்சை நிரப்பினேன். வந்தது மரமல்ல, மரக்கடை போர்டு.

இந்தக் கோளாறு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் என்னோடு வரைய வந்து உட்கார்ந்தார்கள். எனாமல் டப்பாவையே தொடாத பிள்ளைகள், அவர்களும் அதையேதான் செய்தார்கள். மேகம் மாதிரி ஒரு சுருள் கோடு, கீழே இரண்டு நேர்க்கோடு, உள்ளே பச்சையும் காப்பியும். அதனால் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மை சொன்னதை வண்ணம் திரும்பச் சொல்லக்கூடாது, வண்ணம் சொன்னதை மை திரும்பச் சொல்லக்கூடாது. கிளையின் முறுக்கும் பட்டையின் வெடிப்பும் மையின் வேலை. இலைத்திரளும் வெயிலும் நிழலும் வண்ணத்தின் வேலை. இந்தப் பாகப்பிரிவினை சரியாக நடந்துவிட்டால் மீதியெல்லாம் பழக்கம்தான்.

சாமான்கள்

மை வாங்கும்போது ஒன்றே ஒன்று பாருங்கள்: காய்ந்த பிறகு தண்ணீருக்குக் கரையக்கூடாது. இந்தியன் இங்க் என்று விற்கிற கறுப்பு மை புகைக்கரியில் அரக்குக் கரைசல் சேர்த்துச் செய்வது. அரக்கு காய்ந்துவிட்டால் மேலே தண்ணீர் ஓடினாலும் கோடு அசையாது. ஃபவுன்டன் பேனாவுக்கு ஊற்றுகிற சாதாரண மை அப்படியில்லை. இது எனக்குத் தெரியாத காலத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து ஓர் ஆலமரத்தின் விழுதையெல்லாம் ஃபவுன்டன் பேனாவால் ஒவ்வொன்றாக இழுத்தேன். பிறகு பிரஷ்ஷை நனைத்து ஒரே ஒரு வீச்சு. விழுதெல்லாம் நீலமாக ஒழுகி ஆலமரம் மழையில் நனைந்த கைலி மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து எந்த மையானாலும் முதலில் ஓரத்துண்டில் ஒரு கோடு போட்டு, காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். அதேபோல அரக்கு மையை ஃபவுன்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டால் பேனாவுக்குக் கருமாதிதான்.

தொட்டு எழுதுகிற பேனாவும் நிப்பும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூங்கில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் மரம் வரைய எனக்கு மூங்கில்தான் பிடிக்கும். எஃகு நிப்பு எப்போதும் ஒழுங்காக எழுதும், மரமோ ஒழுங்கானது அல்ல. சுண்டுவிரல் தடிமனுள்ள காய்ந்த மூங்கில் கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். பச்சை மூங்கில் வேண்டாம், காயும்போது தானாகப் பிளக்கும். ஒரு முனையைப் பேனாக்கத்தியால் சாய்வாகச் சீவுங்கள், சாய்வு இரண்டு விரற்கடை நீளம் இருக்கட்டும். உள்ளே இருக்கிற மிருதுவான பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு வெளித்தோலின் கெட்டிப் பகுதியை மட்டும் நாக்கு மாதிரி விடுங்கள். இரண்டு பக்கத்தையும் சீவி நாக்கை ஒடுக்குங்கள். இப்போது நுனியிலிருந்து நடுவாகக் கத்தியை ஒரு நெல் நீளத்துக்கு அழுத்திப் பிளவு கொடுக்க வேண்டும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு நிறுத்துங்கள். பேராசைப்பட்டால் பேனா இரண்டாகிவிடும். கடைசியாக நுனியை ஒரு கட்டைமேல் வைத்து நேராக ஒரே வெட்டு. மையில் தோய்த்தால் முதல் நாலு விரல் தூரத்துக்குக் கறுப்பாக, தடித்து ஓடும். பிறகு மை வற்றி, சொரசொரவென்று உடைந்து, பட்டையின் வெடிப்பு மாதிரியே வரும். பலரும் அந்த வற்றின கோட்டைப் பார்த்ததும் மறுபடி மைக்கு ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். மரப்பட்டைக்கு வேண்டியது அந்த வற்றின கோடுதான்.

பிரஷ் மூன்று போதும். பருத்து, நுனி கூர்ந்த வட்டப் பிரஷ் ஒன்று, பத்தாம் நம்பர் அல்லது பன்னிரண்டு. முடி நீண்டு மெலிந்த ரிக்கர் பிரஷ் ஒன்று. பாய்மரக் கப்பல் படங்களில் கயிறு வரைவதற்கென்று வந்த பிரஷ் அது, சிறு கிளைகளுக்கு அதைவிட நல்லது கிடையாது. போர்டு எழுதுகிறவர்களிடம் இருக்கிற நீள முடிப் பிரஷ்ஷும் அந்த வேலையைச் செய்யும், எனாமல் படாத புதுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது, முடி விரிந்துபோய் நீங்கள் தூக்கிப்போட நினைத்திருக்கிற பழைய பிரஷ். அதைத் தூக்கிப்போடாதீர்கள், இலைத்திரளின் ஓரத்துக்கு அதுதான் வேண்டும்.

வண்ணம் ஐந்து: லெமன் எல்லோ என்கிற எலுமிச்சை மஞ்சள், கேம்போஜ், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, அலிசரின் கிரிம்சன் என்கிற கருஞ்சிவப்பு. கேம்போஜ் என்ற மஞ்சளின் பெயர் கம்போடியாவிலிருந்து வந்தது, ஒரு மரத்தின் பாலைக் காயவைத்து எடுத்த வண்ணம். இப்போது ட்யூபில் வருவது பெரும்பாலும் அதே சாயலில் செய்த மாற்று. பச்சை ட்யூப் என் பெட்டியில் கிடையாது. ட்யூபிலிருந்து வருகிற பச்சையை அப்படியே பூசினால் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்தது போலிருக்கும். லெமன் எல்லோவில் அல்ட்ராமரைன் கொஞ்சம் சேர்த்தால் வெயில் பட்ட இளம்பச்சை. கேம்போஜில் நீலம் அதிகம் போட்டால் முற்றின இலை. அதில் பர்ன்ட் சியன்னா ஒரு துளி விட்டால் பச்சையின் பளபளப்பு அடங்கி நிஜ இலைக்கு வரும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் சாம்பல். நீலம் கூடினால் நிழல் பக்கத்து அடிமரம், சியன்னா கூடினால் வெயில் பக்கத்து அடிமரம். அல்ட்ராமரைன் காயும்போது காகிதத்தின் குழிகளில் துகள் துகளாகப் படியும். பட்டைக்கு அந்தச் சொரசொரப்பு இலவசமாகக் கிடைக்கிறது.

காகிதம் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடை) பருத்திக் காகிதமாக இருந்தால் நல்லது. விலை கையைக் கடிக்கும், ஆனால் மெல்லிய காகிதம் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கிவிடும். மெல்லியதுதான் கிடைத்தது என்றால் அதை நனைத்து, பலகைமேல் விரித்து, நாலு ஓரமும் தண்ணீர்ப் பசை டேப் ஒட்டிக் காயவிடுங்கள். ஷான் மாநிலத்துப் பிண்டயா ஊரில் செய்கிற ஷான் காகிதத்திலும் வரைந்திருக்கிறேன். காகிதக் குடையில் ஒட்டுகிறார்களே, அந்த மல்பெரி மரப்பட்டைக் காகிதம்தான். அதில் மை தொட்டதும் வேர் விட்டதுபோல் நாலா பக்கமும் கசியும். நீர்த்த அரிசிக் கஞ்சியை ஒரு கை பூசிக் காயவைத்தால் கசிவு பாதியாகும், பதிலுக்குப் பூச்சி வரும். மழையில் மங்கலாகத் தெரிகிற மரத்துக்கு அந்தக் கசிவே அழகு என்பதால் நான் இப்போது கஞ்சி பூசுவதில்லை.

இலையில்லாத மரத்தில் தொடங்குங்கள்

எலும்பு தெரியாமல் சதை வைக்க முடியாது. இங்கே லெபான் என்கிற முள்ளிலவ மரம் வெயில் காலத் தொடக்கத்தில் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையில் சிவப்புப் பூ பூக்கும். அடிமரத்திலிருந்து கிளைகள் அடுக்கடுக்காக, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் நீளும். மரத்தின் எலும்பைப் படிக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது. தேக்கும் அந்த நாளில் மொட்டையாக நிற்கும்.

கிளை வரையும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, கிளை பிரிகிற இடத்தில்தான் மெலிகிறது, நடுவழியில் பென்சில் சீவினது போல் மெலிவதில்லை. ஒரு மரத்தின் எந்த உயரத்திலும் அங்குள்ள கிளைகளையெல்லாம் சேர்த்துக் கட்டினால் அடிமரத்தின் தடிமன் வரும் என்று லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பில் எழுதி வைத்தார். அளந்து பார்க்க வேண்டாம். ஆனால் ஒரு கிளை இரண்டாகும்போது இரண்டும் தாயைவிட மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதித் தவறு அங்கேயே திருந்திவிடும்.

இரண்டாவது, கிளைகள் வலப்பக்கமும் இடப்பக்கமும் மட்டும் போவதில்லை. நம்மை நோக்கியும் வருகின்றன, பின்னாலும் போகின்றன. நம்மை நோக்கி வருகிற கிளை குட்டையாக, அடிமரத்தின் மேலேயே குறுக்கே விழுந்த முண்டு மாதிரி தெரியும். அப்படி ஒன்றையாவது போடாவிட்டால் மரம் புத்தகத்தில் அழுத்தி வைத்த இலை போலத் தட்டையாகும்.

மூன்றாவது அடிப்பாகம். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்த மறுநாள் காலையில் தெருவுக்கு வந்து பார்த்தால், என் சிறுபிராயத்திலிருந்து நின்ற மரங்கள் எல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, டெல்டா பக்கம் நடந்ததை அப்புறம்தான் கேள்விப்பட்டோம். வரைகிற மனநிலை ஒன்றும் இல்லை அன்று. ஆனால் எங்கள் தெருமுனையில் சாய்ந்து கிடந்த மரத்தின் வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நின்றது, அதை மட்டும் மறக்க முடியவில்லை. வேர் ஆணி மாதிரி கீழே இறங்கியிருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தட்டையாக, பக்கவாட்டில், விரித்த பாய் மாதிரி பரந்திருந்தது. அதற்குப் பிறகு நான் எந்த மரத்தையும் கம்பம் நட்டதுபோல் தரையில் நிறுத்தியதில்லை. அடிமரம் தரையைத் தொடுவதற்கு முன்பே விரியத் தொடங்கி, தசை மாதிரி மேடு மேடாக மண்ணுக்குள் போக வேண்டும். அங்கே நேராக ஒரு கோடு போட்டுத் தரை என்று காட்டாதீர்கள். புல்லோ சருகோ நிழலோ அந்த எல்லையை மறைக்கட்டும்.

இப்போது தூங்குமூஞ்சி

ரங்கூனில் கண்டோஜி ஏரிக்கரையில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. எங்கள் அப்பா காலத்துக்காரர்கள் ராயல் லேக் என்றே சொல்வார்கள். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். பர்மியர் இதைத் தின்போ கொக்கோ என்பார்கள். தின்போ என்றால் கப்பல். கடல் தாண்டி வந்த சாமானுக்கெல்லாம் அந்த ஒட்டு வரும், பப்பாளிக்குக்கூட இங்கே கப்பல் பழம் என்றுதான் பெயர். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்து மரம் இது. நம் பாட்டன்மாரைப் போல இதுவும் கப்பல் ஏறி வந்து இங்கேயே வேர் விட்டுவிட்டது.

காலை ஆறு, ஆறரைக்குப் போய்விடுங்கள். வெயில் சாய்வாக விழுந்தால்தான் இலைத்திரளுக்கு ஒரு வெளிச்சப் பக்கமும் ஓர் இருட்டுப் பக்கமும் இருக்கும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பச்சைக் குழம்பு. மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் இலை தெரியும், மரம் தெரியாது.

உட்கார்ந்ததும் காகிதத்தைத் தொடாதீர்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். இலைகள் மறைந்து ஏழெட்டுத் திரள்கள் நிற்கும். ஒவ்வொன்றும் கவிழ்த்த சட்டி மாதிரி, மேலே வெளிச்சம், அடியில் இருட்டு. திரளுக்கும் திரளுக்கும் நடுவே வானம் தெரிகிற ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

பென்சில் லேசாக. மரம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று நாலு புள்ளி. தூங்குமூஞ்சி உயரத்தைவிட அகலம் அதிகமான மரம், குடை மாதிரி. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதை உயரமாக வரைந்துவிடுகிறார்கள், ஏனென்றால் மரம் என்றால் உயரம் என்று மனசு முடிவு கட்டி வைத்திருக்கிறது. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளந்து பாருங்கள். பிறகு அடிமரமும் பெரிய கிளைகளும், திரள்களின் இடமும். அழிக்கிற ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அதிகம் தேய்த்தால் காகிதத்தின் மேல்தோல் போய்விடும்.

"தாத்தா, மை முதல்லயா, கலர் முதல்லயா?" என்று என் பேத்தி ஒவ்வொரு தடவையும் கேட்பாள். இரண்டு வழியும் உண்டு. மையை முதலில் முடித்துவிட்டு மேலே வண்ணம் விட்டால் படம் சுத்தமாக வரும், பயமும் குறைவு. ஆனால் கை தன்னை அறியாமல் கோட்டுக்குள் நிரப்பத் தொடங்கிவிடும், என் பழைய போர்டு வியாதி. அதனால் நான் வண்ணத்தில் தொடங்கி, நடுவில் மை போட்டு, கடைசியில் மறுபடி வண்ணத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

வாஷ் என்றால் தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரவலாக விடுகிற பூச்சு. முதல் வாஷ் வெயிலுக்கானது. லெமன் எல்லோவும் கொஞ்சம் நீலமும், தண்ணீர் தாராளமாக. பருத்த பிரஷ்ஷை நுனியால் பிடித்து எழுதாதீர்கள். படுக்கவைத்து, வயிற்றுப் பக்கத்தால் காகிதத்தை உரசிக்கொண்டு போங்கள். காகிதத்தின் மேட்டில் வண்ணம் ஒட்டும், பள்ளத்தில் வெள்ளை நிற்கும். அந்த வெள்ளைப் புள்ளிகள்தான் வெயிலில் மினுக்குகிற இலைகள். நீங்கள் எண்ணி வைத்த ஓட்டைகளை இப்போதே விட்டுவிடுங்கள். பின்னால் வெள்ளைப் பெயின்ட் வைத்து ஓட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சுவரில் பல்லி முட்டை ஒட்டினது மாதிரி இருக்கும்.

அந்த வாஷ் முழுக்கக் காய்வதற்கு முன்பே, ஈரத்தின் மினுமினுப்பு அடங்குகிற நேரத்தில், திரள்களின் அடிப்பக்கத்தில் முற்றின பச்சையைத் தொட்டு விடுங்கள். அது தானாக மேல்நோக்கிப் பரவி, விளிம்பு தெரியாமல் கரையும். இந்த நேரத்தைப் பிடிப்பதுதான் முழு வித்தையும். குளம் மாதிரி ஈரமாக இருக்கும்போது விட்டால் எல்லாம் கலந்து ஒரே பச்சையாகும். பாதி காய்ந்த பிறகு தண்ணீர் அதிகமுள்ள பிரஷ்ஷால் தொட்டால் பூக்கோசு மாதிரி ஒரு வளையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாய்த்துப் பாருங்கள், காகிதம் கண்ணாடி போல் மின்னினால் பொறுங்கள், பட்டுத்துணி போல் மின்னினால் விடுங்கள், மினுக்கமே இல்லையென்றால் கையை எடுத்துவிட்டு முழுக்கக் காயவிடுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க விரல் நுனியை வைக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். புறங்கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஏப்ரல் வெயிலில் இது ஐந்து நிமிஷ வேலை. ஜூலையில் ஒரு டீயும் ஒரு தட்டு சமூசாவும் முடிந்த பிறகும் சில்லென்றே இருக்கும்.

இப்போது மை. மூன்று மூடியில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒன்று அப்படியே, ஒன்றில் ஒரு பங்கு மைக்கு மூன்று பங்கு தண்ணீர், மூன்றாவதில் பத்துப் பங்கு. கறுப்பு மை நிழல் பக்கத்து அடிமரத்துக்கும் நம் பக்கம் வருகிற கிளைக்கும். நடு மை உள்ளே போகிற கிளைகளுக்கு. மூன்றாவது, வானத்தோடு கரைகிற நுனிக் கிளைகளுக்கும் தூரத்து மரங்களுக்கும். எல்லாவற்றையும் ஒரே கறுப்பில் போட்டால் பின்னால் போக வேண்டிய கிளை முன்னால் வந்து நிற்கும்.

அடிமரத்தின் வெயில் பக்கத்துக்குக் கோடு போடாதீர்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நிழல் பக்கத்தில் மூங்கில் பேனாவால் அழுத்தி, உடைந்து உடைந்து, கீழிருந்து மேலே இழுங்கள். வெயில் பக்கத்தில் ஒன்றும் வேண்டாம், பின்னால் இருக்கிற பச்சையே அந்த ஓரத்தைக் காட்டிக்கொடுக்கும். தூங்குமூஞ்சியின் பட்டை கருஞ்சாம்பல், நெடுக வெடித்து, ஏறும்போது கிளை திரும்புகிற பக்கம் வெடிப்பும் திரும்பும். அந்தத் திருப்பத்தில் நாலு கோடு போதும். அடிமரம் முழுக்கக் கட்டம் போட்டால் முதலைத் தோல்.

கிளை இலைத்திரளுக்குள் நுழைகிற இடத்தில் கோட்டை நிறுத்திவிடுங்கள். அடுத்த ஓட்டையில் மறுபடி தொடங்குங்கள். நடுவில் அது எங்கே போனது என்பதைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்ளும். ஓட்டைகளை எண்ணச் சொன்னது இதற்குத்தான். வானம் தெரிகிற அந்தச் சின்ன இடங்களில் கிளை குறுக்கே போவதைக் காட்டினால், மரத்துக்கு உள்பக்கம் ஒன்று இருக்கிறது என்று ஆகிவிடும்.

இலைக்கு மை? கிட்டத்தட்ட வேண்டாம். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று இடத்தில், திரளின் ஓரத்தில் ஓரிரு இடத்தில், நிப்பைத் திருப்பிப் பிடித்துச் சின்னச் சின்ன உடைந்த கோடு. இந்த மரத்தின் இலை புளிய இலையைவிடப் பெரியது, ஆனால் அதே மாதிரி வரிசை வரிசையாக இருக்கும். அந்த வரிசையின் வாடை பத்துப் பன்னிரண்டு கோட்டில் வந்துவிட வேண்டும். பதின்மூன்றாவது கோடு போடக் கை போகும்போது எழுந்து போய் ஏரியைப் பாருங்கள்.

மை காய்ந்ததும் கடைசி வண்ணம். அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, ஒரு துளி கிரிம்சன், இது நிழல். அடிமரத்தின் நிழல் பக்கம், கிளைகளின் அடிப்பக்கம், மரத்துக்குக் கீழே தரையில் விழுகிற நிழல் எல்லாம் ஒரே கையில், ஒரே கலவையில், நடுவில் நிறுத்தாமல். மரம் தரையில் உட்காருவது இந்த ஒரு வாஷில்தான். மழை மாதங்களில் கிளைமேல் ஃபெர்ன் செடி முளைத்திருக்கும். அதற்குப் பழைய விரிந்த பிரஷ்ஷில் கேம்போஜ் கலந்த பச்சையைத் தொட்டு, பிழிந்து, காய்ந்த பிரஷ்ஷாக்கி ஒற்றி ஒற்றி எடுத்தால் ஆயிற்று.

நேரத்தைப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சாயங்காலமானால் இந்த மரம் இலையை மடக்கிக்கொள்ளும், மேகம் திரண்டாலும் மடக்கும், தூங்குமூஞ்சி என்று பெயர் வந்ததே அதனால்தான். காலையில் அடர்த்தியாக இருந்த திரளில் மாலையில் வானம் சல்லடை மாதிரி தெரியும். ஒரு முறை காலையில் பாதி வரைந்ததை மாலையில் போய் முடிக்கப் பார்த்தேன். ஒரே காகிதத்தில் இரண்டு மரம் வந்தது.

மற்ற மரங்கள், சுருக்கமாக

பனைக்கு மட்டைகளை வாணவேடிக்கை மாதிரி எல்லாப் பக்கமும் இழுக்காதீர்கள். மேல்மட்டைகள் நிமிர்ந்து பச்சையாக, கீழ்மட்டைகள் காய்ந்து தொங்கிக் காப்பி நிறத்தில் இருக்கும், அந்த வித்தியாசம் போதும். ஆலமரத்தில் விழுதுகளை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவே உள்ள இருட்டை வரையுங்கள், விழுது தானே வரும்.

பிதோக் மரம் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வேங்கை மரத்துக்குச் சொந்தம் அது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா சமயத்தில், ஏப்ரலில், ஒரு மழை தூறினால் மறுநாளோ அதற்கு மறுநாளோ மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்துவிடும். ஒரே நாள்தான், அடுத்த நாள் எல்லாம் தரையில். பெண்கள் தலையில் வைத்துக்கொள்வதற்குள் வரைந்துவிட வேண்டும். அந்த மஞ்சளைப் பச்சைக்கு மேல் பூச முடியாது, வாட்டர்கலர் அடியில் இருப்பதை மறைக்காது. அதனால் மரம் முழுக்க முதலில் கேம்போஜ் மட்டும், அழுத்தமாக, ஓட்டைகளை விட்டு. காய்ந்த பிறகு பூக்கொத்துகளுக்கு நடுவே மட்டும் கரும்பச்சையைச் செருகுங்கள். பூவை வரையாதீர்கள், பூவுக்குப் பின்னால் இருக்கிறதை வரையுங்கள். மை இந்தப் படத்தில் அடிமரத்தோடு நின்றுவிடட்டும். மேலே ஒரு கறுப்புக் கோடு போனாலும் மஞ்சள் அழுக்காகத் தெரியும்.

மழைக்காலத்தில்

மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை ரங்கூனில் காகிதத்தைக் காப்பாற்றுவது தனி வேலை. காகிதம் தண்ணீரை உடனே குடித்துவிடாமலிருக்க ஆலையில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பார்கள். ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்தப் பசை அங்கங்கே செத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. வாஷ் விட்டதும் அந்த இடங்களில் வண்ணம் ஒற்றுத்தாளில் விழுந்தது போல் உள்ளே இறங்கிக் கரும்புள்ளியாக நிற்கும். நல்ல படம் ஒன்று அப்படிப் போனதிலிருந்து காகிதத்தை மூடி இறுகின பிஸ்கட் தகர டப்பாவில் அடுக்கி, வறுத்து ஆறின அரிசியை ஒரு துணி முடிச்சில் கட்டி உள்ளே போட்டு வைக்கிறேன். அரிசியைப் பத்து நாளுக்கு ஒரு முறை மறுபடி வறுத்துப் போட வேண்டும். வீட்டில் அதற்கென்று ஒரு பழைய வாணலி ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள், சமையல் வாணலியில் வறுத்தால் திட்டு விழும்.

முடித்த படங்களைச் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் பாட்டில் கார்க்கை வெட்டி ஒட்டுங்கள், விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் காற்று ஓடும், பூஞ்சணம் பிடிக்காது. மூங்கில் பேனாவை வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து நுனி மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். மறந்து மை காய்ந்துவிட்டால் சுரண்டிக்கொண்டு உட்காராமல் நுனியை ஒரு நகக்கண் அளவு வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளவு கொடுங்கள்.